டிசம்பர் 25: கிரெம்ளினில் இறங்கிய கொடி, வெண்மணியில் ஏறும் கொடி

தோழர்களே, நண்பர்களே, நம்மைத் திட்டுறதுக்காகவே இந்தப் பக்கத்தை ஃபாலோ பண்ணும் அன்பர்களே!

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சுட்டு கமெண்ட்ல சண்டைக்கு வாங்க.

ஒவ்வொரு டிசம்பர் 25-க்கும் நமக்குத் தவறாம ரெண்டு மீம் வரும். ஒண்ணு, கிரெம்ளின் உச்சியிலிருந்து செங்கொடி இறங்குற படம். 1991 டிசம்பர் 25 அன்று கோர்பச்சேவ் டிவியில் வந்து ராஜினாமா சொன்ன ராத்திரி எடுத்தது. கீழே ஒரு வரி: "கடை மூடின நாள் வாழ்த்துகள்". இன்னொண்ணு, ருமேனியா அதிபர் நிகோலாய் சௌசெஸ்குவும் அவர் மனைவி எலீனாவும் ராணுவ முகாம் சுவரோரம் சுட்டுக் கொல்லப்பட்ட படம். 1989 டிசம்பர் 25. கீழே: "இதுதான் உங்க தலைவர்களோட கதி".

ரெண்டு தேதியும் சரிதான். மறுக்கப் போறதில்லை.

ஆனா அதே டிசம்பர் 25-ல் மூணாவதா ஒரு சம்பவம் இருக்கு. அது மாஸ்கோவிலும் நடக்கலை, புக்கரெஸ்ட்டிலும் நடக்கலை. நம்ம ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில், கீழ்வெண்மணியில் நடந்தது. 1968 டிசம்பர் 25. கூடுதலா அரைப்படி நெல் கூலி கேட்டதுக்கும், செங்கொடி சங்கத்தை விட்டு வரமாட்டோம்னு சொன்னதுக்கும், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டாங்க. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

மீம் போடுற தம்பிகளுக்கு இந்த மூணாவது தேதி தெரியாது. தெரிஞ்சாலும் போட மாட்டாங்க. ஏன்னா அதைச் சொன்னா அடுத்த கேள்வி தானா வந்துரும். மாஸ்கோவில் இறங்கின அதே கொடி, வெண்மணியில் மட்டும் ஏன் இன்னும் வருஷா வருஷம் ஏறுது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. பதில் நம்ம எதிரிகளுக்கு மட்டும் இல்லை. நமக்கும் சேர்த்துத்தான்.

◾ முதல்ல ருமேனியா

சௌசெஸ்கு அரண்மனையில் பிறந்தவர் இல்லை. ஸ்கோர்னிசெஸ்டி என்கிற கிராமத்தில் ஏழை விவசாயி வீட்டில் பிறந்தவர். சின்ன வயசிலேயே செருப்புத் தைக்கும் பட்டறைக்கு வேலை கத்துக்கப் போனவர். கம்யூனிஸ்ட் என்பதற்காக இளம் வயதிலேயே சிறைக்குப் போனவர். இதுவரைக்கும் படிச்சா நம்ம டெல்டா தோழர் ஒருத்தர் வாழ்க்கை வரலாறு மாதிரியே இருக்கும்.

1965-ல் கட்சித் தலைமைக்கு வந்தார். 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைஞ்சப்ப, ருமேனியா அதில் சேராதுன்னு புக்கரெஸ்ட் சதுக்கத்தில் மக்கள் முன்னாடி பேசினார். கூட்டம் கொண்டாடியது. உலகமே திரும்பிப் பார்த்தது. இங்கே வெண்மணி எரிஞ்ச அதே வருஷத்தில் அங்கே அவர் ஹீரோ.

அப்புறம் என்ன ஆச்சு?

1974-ல் தனக்குன்னே அதிபர் பதவியை உருவாக்கினாங்க. பதவியேற்பில் கையில் ஒரு செங்கோல். ஆமா, தொழிலாளர் நாட்டில், செருப்புத் தைக்கக் கத்துக்கிட்டவர் கையில், ராஜா மாதிரி செங்கோல்! ஸ்பெயின் ஓவியர் சால்வடார் டாலி கிண்டலா ஒரு வாழ்த்துத் தந்தி அடிச்சார். அது கிண்டல்னு சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தோணலை, இல்லைன்னா தைரியம் வரலை. கட்சிப் பத்திரிகை அதை அப்படியே அச்சடிச்சது.

மனைவி துணைப் பிரதமர். அது போதாதுன்னு "பெரிய வேதியியல் விஞ்ஞானி". ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தது மத்தவங்க. மகன் ஒரு மாவட்டத்துக் கட்சிச் செயலாளர். 1980-களில் வெளிநாட்டுக் கடன் கிட்டத்தட்ட 1,000 கோடி டாலர். அதை அடைச்சே தீரணும்னு நாட்டில் விளைஞ்சதை ஏற்றுமதி பண்ணினார். கடன் அடைஞ்சது, 1989-லேயே அடைஞ்சது. ஆனா விளைவிச்ச ஜனங்க ரொட்டிக்கு விடியக்காலை க்யூவில் நின்னாங்க. குளிர்காலத்தில் வீட்டுக்குச் சூடு இல்லை, கரெண்ட் இல்லை. டிவி ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம். அதிலும் பெரும்பாலும் அவர் முகம். தலைநகரில் பழைய தெருக்களை இடிச்சுத் தள்ளிட்டு பிரம்மாண்டமா ஒரு மாளிகை மட்டும் எழும்பிக்கிட்டே இருந்தது.

1989 நவம்பரில் கட்சி மாநாடு. அவரை ஏகமனதா மறுபடி தேர்ந்தெடுத்தாங்க. எழுந்து நின்னு கைதட்டல், மறுபடி மறுபடி கைதட்டல்.

அடுத்த மாசமே டிமிஷ்வாரா நகரத்தில் ஒரு பாதிரியாரை வெளியேற்றப் போனப்ப மக்கள் திரண்டாங்க. ராணுவம் சுட்டது. டிசம்பர் 21-ல் புக்கரெஸ்ட்டில் கூட்டம் கூட்டி மாடத்தில் நின்னு பேசினார். 1968-ல் கைதட்டல் வாங்கிய அதே இடம். இந்தத் தடவை கூட்டம் கூச்சல் போட்டது. நேரலையில் நாடே பார்த்தது, அவர் முகத்தில் குழப்பம். நாலு நாளில் எல்லாம் முடிஞ்சது. அந்தக் கொந்தளிப்பில் செத்த ஜனங்க மட்டும் ஆயிரத்துக்கும் மேல்.

◾ ஒயர் அறுந்தா என்ன ஆகும்?

நான் இஞ்சினியரிங் படிச்சவன். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் ஒரே ஒரு விஷயம்தான் மண்டையில் நின்னுச்சு. அது ஃபீட்பேக்.

மாடியில் தண்ணி டேங்க், கீழே மோட்டார். டேங்க் நிறைஞ்சா சென்சார் சொல்லும், மோட்டார் நிக்கும். சென்சாருக்குப் போற ஒயரை எலி கடிச்சுருச்சுன்னு வைங்க. மோட்டாரில் எந்தக் கோளாறும் இருக்காது. ஓடிக்கிட்டே இருக்கும். டேங்க் வழிஞ்சு, சுவர் ஊறி, வீடு இடிஞ்சாலும் மோட்டார் "எல்லாம் சரியாத்தான் போகுது"ன்னு ஓடும்.

சௌசெஸ்கு நாட்டில் அந்த ஒயரை எலி கடிக்கலை. அவரே அறுத்தார். ரகசியப் போலீஸ் வெச்சு அறுத்தார். விளைச்சல் குறைஞ்சதுன்னு எழுதினா பதவி போகும், அதனால காகிதத்தில் மகசூல் எகிறிக்கிட்டே போச்சு. கடையில் மட்டும் ரொட்டி இல்லை.

இது ருமேனியா மட்டுமா? சோவியத்தில் பிரெஷ்னேவ் 18 வருஷம் தலைமையில் இருந்தார். நெஞ்சு நிறைய மெடல். தன் பேரில் வந்த நினைவுக் குறிப்புகளுக்கு லெனின் இலக்கியப் பரிசு வேற. 1982 நவம்பரில் அவர் போனார். 1984 பிப்ரவரியில் ஆந்திரோபோவ் போனார். 1985 மார்ச்சில் செர்னென்கோ போனார். ரெண்டரை வருஷத்துக்குள்ள மூணு தலைவர்களின் சவ ஊர்வலம். நாற்காலியை விட்டு உயிரோட இறங்குற வழக்கமே போயிருந்தது.

நம்ம தோழர்கள் சிலர் இதையெல்லாம் கேட்டதும் "ஏகாதிபத்தியச் சதி"ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சுருவாங்க. சதி இருந்துச்சு தோழர், யார் இல்லைன்னா? ஆனா வெளியிலிருந்து தள்ளினா மட்டும் வீடு விழாது, உள்ளே சுவர் ஊறியிருக்கணும். சோவியத் கொடி இறங்கி ரெண்டு வாரம்கூட ஆகாத 1992 ஜனவரியில், நம்ம சென்னையிலேயே மார்க்சிஸ்ட் கட்சியின் 14-வது அகில இந்திய மாநாடு நடந்தது. அங்கே உட்கார்ந்து இதைத்தான் விவாதிச்சாங்க. சோசலிச ஜனநாயகம் சுருங்கினது, கட்சியும் அரசும் ஒண்ணாக் கலந்தது, அதிகாரவர்க்கம் மக்களைவிட்டு விலகினது, இதெல்லாம் தவறுன்னு தீர்மானம் போட்டாங்க. தலைவர்களே ஒப்புக்கிட்டதை கமெண்ட் பாக்ஸில் நாம ஏன் மறைக்கணும்?

◾ இப்ப டெல்டாவுக்கு வாங்க

1943. தென்பரை. மன்னார்குடிப் பக்கத்து கிராமம். அங்கே கன்னடம் பேசுற வீட்டில் பிறந்த ஒரு மனுஷன் விவசாய சங்கக் கொடியை ஏத்துறார். பேர் பி. சீனிவாச ராவ். ஜனங்களுக்கு பி.எஸ்.ஆர்.

அன்னைக்கு இருந்த டெல்டா எப்படின்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. பண்ணையாள் வேலைக்கு லேட்டா வந்தா சவுக்கடி. எதிர்த்துப் பேசினா சாணியைக் கரைச்சு வாயில் ஊத்துவாங்க, அதுக்குப் பேர் சாணிப்பால். இது கதை இல்லை. 1944-ல் மன்னார்குடியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் "இனி இது கூடாது"ன்னு எழுத வேண்டிய அளவுக்கு நடப்பில் இருந்த தண்டனை.

பி.எஸ்.ஆர். எங்கே தங்கினார்? பிராமண வீட்டில் பிறந்தவர், சேரியில் தங்கினார், அங்கேயே சாப்பிட்டார். தமிழ் தடுமாறும், அந்தத் தடுமாறும் தமிழிலேயே பேசினார். கட்சி வேட்டையாடப்பட்ட காலத்தில் அவரைத் தங்கள் குடிசைகளில் ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தினது ஜனங்க. ஒரு தலைவருக்கு சோறு போடுறதும் உயிரைக் காப்பாத்துறதும் அதே ஜனங்கன்னா, அவங்க கேள்வி கேட்டா அவர் பதில் சொல்லித்தான் ஆகணும். இதுதான் அறுபடாத ஒயர்.

அவர் மட்டுமா? களப்பால் குப்பு, திருச்சி சிறையிலேயே உயிர் விட்டார். வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் 1950-ல் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானாங்க. தம்பிக்கோட்டையிலிருந்து கப்பலேறிப் போன மலேயா கணபதி அங்கே தொழிற்சங்கத் தலைவராகி, 1949-ல் பிரிட்டிஷ்காரன் தூக்கில் தொங்கினார். பண்ணையாள் வீடுகளிலிருந்தே பி.எஸ். தனுஷ்கோடி மாதிரி தலைவர்கள் எழுந்தாங்க.

இவங்க யாரும் நாட்டுக்கு அதிபர் ஆகலை. மந்திரிகூட ஆகலை. ஆனா 1952-ல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சே, அதைக் கொண்டுவந்தது யார்? கம்யூனிஸ்ட்டுகள்தான் தனக்கு முதல் எதிரின்னு பகிரங்கமா சொன்ன ராஜாஜியின் அரசு! கோட்டையில் உட்கார்ந்தவரைக் களத்துமேட்டிலிருந்து அசைச்சாங்க. வெண்மணிக்குப் பிறகு 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்ததும் இப்படித்தான்.

1961-ல் நில உச்சவரம்புப் போராட்டம் சூடா இருந்த சமயம், செப்டம்பர் கடைசியில் பி.எஸ்.ஆர். செத்துப்போனார். வயசு 54. திருத்துறைப்பூண்டியில் அவர் நினைவிடம் இருக்கு. போய்ப் பாருங்க. புக்கரெஸ்ட் மாளிகையில் எத்தனை அறைன்னு கூகுள்ல தேடுறவங்க, இங்கே ஒரு எட்டு வந்துட்டுப் போகலாம்.

◾ எங்க அப்பாயி கேட்ட கேள்வி

எங்க அப்பாயி நடவு ஆள். பள்ளிக்கூடம் போனதில்லை. சோவியத் பேரைச் சொன்னா "அது எந்தப் பக்கம்"னு கேட்கும். ஆனா சங்கத்துச் செயலாளர் கூலி பேசப் போயிட்டுத் திரும்பி வரப்புல நடந்து வந்தார்னா, நாத்து முடியைக் கையில் பிடிச்சபடியே வயலுக்குள்ள நின்னு கேட்குமாம்: "என்ன தம்பி, என்ன சொன்னான் அவன்? நீ என்னத்துக்குத் தலையாட்டிட்டு வந்தே?"

அவர் சைக்கிளை நிறுத்திட்டு பதில் சொல்லணும். சரியா சொல்லலைன்னா சாயங்காலம் தெருவே கூடிக் கேட்கும். மறுபடி மிராசுதார் வீட்டுக்குப் போகணும். போனார்.

இதைச் சின்ன வயசுல கேட்டப்ப சிரிச்சேன். இப்ப யோசிச்சா, ருமேனியாவில் இல்லாமப் போனது இந்த ஒண்ணுதான். 24 வருஷம் ஆண்டவரை நிறுத்தி, "நீ என்னத்துக்குத் தலையாட்டிட்டு வந்தே"ன்னு கேட்க அங்கே ஒரு நடவு ஆள் இல்லை. இருந்தவங்களைக் கேட்க விடலை.

◾ இனி கிண்டல் பண்ணினவங்களுக்கு

சௌசெஸ்கு செங்கோல் பிடிச்சதைப் பார்த்துச் சிரிக்கிறீங்க இல்ல? 2023 மே 28-ல் டெல்லிப் புது நாடாளுமன்றத்தில் செங்கோல் வெச்சப்ப யார் சிரிச்சீங்க? அதுவும் நம்ம திருவாவடுதுறை ஆதீனத்தோட பேரில்! ஜனநாயக நாட்டில் ஓட்டுதான் கோல். பொன்முலாம் பூசின கோல் எதுக்கு?

அவர் மனைவியும் மகனும் பதவிக்கு வந்ததைப் பார்த்துச் சிரிக்கிறீங்க. சரி. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்னு நிமிர்ந்து பாருங்க. எந்தக் கொடியா இருந்தாலும் சரி, அப்பா கட்டவுட்டுக்குப் பக்கத்தில் பிள்ளை, பிள்ளைக்குப் பக்கத்தில் பேரன். அதுக்கு நாம கொடுத்த பேர் "வாரிசு". அங்கே நடந்தா சர்வாதிகாரம், இங்கே நடந்தா பாரம்பரியமா?

காகிதத்தில் மகசூல் ஏறினதைப் பார்த்துச் சிரிக்கிறீங்க. இங்கே அறுவடை நேரத்தில் நேரடி கொள்முதல் நிலையத்து வாசல்ல மூட்டை நனைஞ்சுக்கிட்டு இருக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா திருப்பி அனுப்புவாங்க, வானத்துல மழை. ஆனா அறிக்கையில் பாருங்க, "எங்கும் தேக்கம் இல்லை". ஒயர் அறுந்துட்டா கொடியோட கலர் எதுவா இருந்தாலும் மோட்டார் ஒரே மாதிரிதான் ஓடும்.

இன்னும் ஒண்ணு. சௌசெஸ்குவைச் சுட்டதும் அங்கே மக்களாட்சி பூத்ததா நினைக்கிறவங்க, அடுத்து வந்த அதிபர் யாருன்னு பாருங்க. இயான் இலியெஸ்கு. பழைய கட்சியின் மத்தியக் குழுவில் இருந்தவர். 1996 வரை, மறுபடி 2000-லிருந்து 2004 வரை அவர்தான். 1989-ல் ஜனங்க செத்ததுக்காகப் பிற்காலத்தில் அவர் மேலேயே வழக்கு பாய்ஞ்சது. தலையை மட்டும் மாத்தினா நாடு மாறிடாதுங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

நீதியைப் பற்றியும் பேசிருவோம். சௌசெஸ்குவை ஒரு மணி நேரம் போல விசாரிச்சு உடனே சுட்டாங்க. அதைச் செய்தது அதுவரை அவருக்கு சல்யூட் அடிச்ச ராணுவம். அது நீதி இல்லை. வெண்மணியில் வருஷக்கணக்கா வழக்கு நடந்தது. 1970-ல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவங்களுக்கு 10 வருஷத் தண்டனை. அப்புறம் உயர் நீதிமன்றம் விடுதலை பண்ணிருச்சு. அவ்வளவு பெரிய நிலக்காரங்க தாங்களே நடந்து வந்து தீ வெச்சிருப்பாங்கன்னு நம்ப முடியலையாம். அதுவும் நீதி இல்லை. முன்னதுக்கு மீம் போடுறீங்க. பின்னதுக்கு ஏன் வாய் திறக்கலை?

◾ நம்ம தோழர்களுக்கு

கடைசியா நமக்குள்ள ஒரு பேச்சு.

இந்த மண்ணுக்கு அந்தப் பேர்கள் அந்நியம் இல்லை. தெருவுக்கு ஒரு லெனின் இருப்பான். 1953 மார்ச்சில் சோவியத் ஸ்டாலின் செத்த வாரத்தில், நம்ம திருக்குவளைக்காரர் கலைஞர் தன் பிள்ளைக்கு அந்தப் பேரையே வெச்சார். பேர் வெச்சதில் தப்பில்லை. பேரை மட்டும் வெச்சுக்கிட்டு பாடத்தை விட்டா தப்பு.

அந்த நாடுகள் பள்ளிக்கூடம் கட்டினது, வேலை கொடுத்தது, ஹிட்லரை முறியடிச்சது எல்லாம் உண்மை. பெருமையா சொல்லுங்க. அதே மூச்சில் ரகசியப் போலீசையும் ரொட்டி க்யூவையும் சொல்லுங்க. சொன்னா நம்ம கொடி இறங்கிடாது. சொல்லாம இருந்தாத்தான் இருபது வயசுப் பையன் நம்மளை நம்ப மாட்டான். நான் அந்த வயசுலதான் இருக்கேன், எனக்குத் தெரியும்.

அடுத்த தடவை ஏதாவது ஒரு தலைவர் பிறந்தநாளுக்கு பத்து டிசைன் கேட்டு எனக்கு வாட்ஸ்அப் பண்ணும்போது, கூடவே உங்க ஊர் நடவுக் கூலி எவ்வளவுன்னும் எழுதி அனுப்புங்க. ரெண்டாவதைத்தான் முதல்ல போஸ்டர் ஆக்குவேன். கோபிச்சுக்காதீங்க.

◾ என்ன செய்யணும்?

ஒண்ணு: டிசம்பர் 25 அன்று வெண்மணிக்கு வாங்க. அன்னைக்கு வேளாங்கண்ணி பஸ் எல்லாம் கூட்டமாத்தான் இருக்கும், சீக்கிரம் கிளம்புங்க. நம்மளைத் திட்டுற நண்பர் யாராவது இருந்தா அவரையும் கூட்டிட்டு வாங்க. 44 பேர் பேரையும் நின்னு படிக்கச் சொல்லுங்க.

ரெண்டு: அதுக்கு ஒரு மாசம் கழிச்சு ஜனவரி 26. கிராம சபை. சம்பா அறுப்பு நடக்கிற நேரம். போங்க. கொள்முதல் நிலையம் எப்ப திறக்கும், வாய்க்கால் தூர்வாரின கணக்கு எங்கே, அறுப்புக் கூலி என்ன, மூணே கேள்வி. எழுந்து நின்னு கேளுங்க. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்க. எழுதினதைப் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

மூணு: அங்கே தலைவர் நாற்காலியில் நம்ம ஆளே உட்கார்ந்திருந்தாலும் கேளுங்க. முதல்ல அவரைக் கேளுங்க.

எங்க அப்பாயி சேத்துல நின்னு கேட்டுச்சு. நாம சிமெண்ட் தரையில் நின்னு கேட்க என்ன கூச்சம்?

வெண்மணி தியாகிகளுக்குச் செவ்வணக்கம்!

— சமூக ஊடகப் பிரிவுத் தன்னார்வலர், தஞ்சாவூர்

#வெண்மணி_நினைவு_நாள் #டிசம்பர்_25 #கேள்வி_கேள் #டெல்டா

படிச்சவங்க பகிருங்க. திட்டுறவங்களும் பகிர்ந்துட்டே திட்டுங்க.